மாளிகை மலைக்கு மூன்று சேலைகள்

கேரம் டவுன்ஸில் என் வீட்டின் பின்பக்கத்து அறைகளில் அருந்தவன் குடியிருக்கிறார். தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் பதிப்பது அவர் தொழில். மெல்பனின் தென்கிழக்கே புதிதாக எழுந்த எத்தனையோ வீடுகளின் குளியலறைகளில் அவர் கை பட்டிருக்கிறது. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.

அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமும், அவருக்கு நிச்சயித்த தர்சினியிடமும் கேட்டேன். தர்சினி உடனே சம்மதித்தார். "எழுதுங்கோ அங்கிள். ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ" என்றார். அருந்தவன் பல நாள் யோசித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை தேநீர் குடிக்கும்போது, "சரி, எழுதுங்கோ" என்றார். நான் கண்டதைக் கண்டதாகவும், அவர் சொல்லி அறிந்ததை அவர் சொன்னதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

அருந்தவன் பிறந்தது முல்லைத்தீவில். 2009இல் மாத்தளனில் விழுந்த ஓர் எறிகணை அவருடைய தகப்பனையும் அவரது இடது காதின் கேட்கும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. போர் முடிந்து அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே வந்தபின் மேசன் வேலை செய்தார். 2012 புரட்டாதியில் படகேறி, கிறிஸ்மஸ் தீவில் இறங்கி, தடுப்பு முகாம்களில் இருந்துவிட்டு மெல்பன் வந்து சேர்ந்தார். இவை அவர் சொன்னவை.

நான் அவரை முதலில் கண்டது 2014இல், இங்குள்ள சிவா விஷ்ணு கோயிலின் சமையற்கூடத்தில். கண்டது முகத்தை அல்ல, முதுகை. பெரிய கிடாரம் ஒன்றுக்குள் தலையையும் தோளையும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "சாம்பார் அடிப்பிடிச்சால் கடவுளாலயும் எடுக்க ஏலாது அங்கிள்" என்றார். என் மனைவி காலமாகி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பின்னறைகள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த மாதம் அவர் குடிவந்தார்.

தர்சினியின் பெயரை நான் கேட்டது 2015இல். கிளிநொச்சியில் முன்பள்ளி ஆசிரியை. அருந்தவனின் தமக்கை பேசி ஒழுங்கு செய்த சம்பந்தம். நிச்சயதார்த்தம் மாப்பிள்ளை இல்லாமலே நடந்தது. அங்கே கிளிநொச்சியில் சபை நடுவே ஒரு கதிரையைப் போட்டு, அதில் தலையணையை வைத்து, தலையணையில் தொலைபேசியைச் சாத்தி வைத்தார்கள். இங்கே அருந்தவன் வேட்டி சால்வையுடன் என் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாதிச் சடங்கில் தொலைபேசி சரிந்து விழுந்து, நாங்கள் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். தர்சினியின் தமக்கை யோகராணி அன்றிலிருந்து அவருக்குச் சூட்டிய பெயர் "கதிரை மாப்பிள்ளை".

விசா கிடைத்ததும் கலியாணம் என்று பேச்சு. விசா வரவில்லை. ஒன்பது வருடங்கள் அவர்கள் தொலைபேசியில் மட்டும் பேசினார்கள். முன்பள்ளி முடிந்து தர்சினி வீடு வந்து தேநீர் குடிக்கும் நேரம் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். காது குறை என்பதால் அருந்தவன் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். ஆகவே தர்சினியின் குரல் எனக்கும் பழக்கமானது. முகம் பார்த்துப் பேசுவதைத் தர்சினி ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார். வீடியோவில் அவருக்குக் கதை வராது. "முகத்தைப் பாத்தா சிரிக்கோணும். குரலெண்டால் நினைச்சதைக் கதைக்கலாம்" என்பார். எப்போதாவது ஒரு படம் அனுப்புவார்கள். கோயில் திருவிழாப் படம், பிறந்தநாள் படம். அவ்வளவுதான்.

2023இல் அருந்தவனுக்கு நிரந்தர விசா வந்தது. வாழ்க்கைத் துணையாகப் போகிறவரை அழைக்க இனி விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டம் ஒன்று கேட்கிறது: இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் தினமும் பேசியது போதாது, ஒரு நாள் எதிரெதிரே நின்றிருக்க வேண்டும். இலங்கைக்குப் போவது அருந்தவனுக்கு ஆகாது. அவர் கையில் இருப்பது கடவுச்சீட்டு அல்ல, அகதிகளுக்குக் கொடுக்கும் பயண ஆவணம். இப்படிப்பட்டவர்கள் மூன்றாவது நாடொன்றில் சந்திப்பது எங்கள் ஆட்களிடையே வழக்கமாகிவிட்டது. மலேசியாவில் தாயைக் கண்டவர்கள், திருச்சியில் பிள்ளையைக் கண்டவர்கள் கோயிலுக்கு வருகிறவர்களிலேயே பலர் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தாய்லாந்து விசா கேட்பதை நிறுத்தியதும் பாங்கொக் என்று தீர்மானமாயிற்று.

எங்களுக்குப் பக்கத்து டண்டினோங்கில் உள்ள விசா முகவர் ஒரு பெண். நல்லவர். "இருவரும் சேர்ந்து வெளியே போங்கள், படங்கள் எடுங்கள், எந்த நாள், எந்த இடம் என்று குறித்து வையுங்கள்" என்றார். குறிக்கும் வேலை எனக்கு. அருந்தவன் பக்கத்துக்குப் பெரியவர் என்று சொல்லிக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். 2024 மார்கழியில் நானும் கூடப் போனேன். தர்சினியுடன் யோகராணி வந்தார்.

பாங்கொக் விமான நிலையத்தில் அவர்கள் சந்தித்ததைச் சொல்வது கடினம், ஏனென்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. தர்சினி "வாங்கோ" என்றார், நாங்கள் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் போல. அருந்தவன், "பிளேன் நேரத்துக்கு வந்ததோ?" என்று கேட்டார். அது வந்து அரை மணி ஆகியிருந்தது. பிறகு அவர் பெட்டிகளைத் தூக்கினார். தன்னுடையதைத் தானே தூக்குவேன் என்று தர்சினி பிடித்துக்கொண்டார். இரண்டு நாட்கள் விடுதியில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்புத் தூளை ஒருவருக்கு ஒருவர் நகர்த்திக்கொடுத்தார்கள். பேச்சு என்று இருந்தது யோகராணிக்கும் எனக்கும் இடையில்தான்.

"ஒம்பது வருசத்தில ரெண்டும் கதைச்சுக் கதைச்சுக் கதை முடிஞ்சு போச்சுது போல அங்கிள். இனி நாங்கள் ரெண்டு பேரும்தான் கதைக்கோணும்" என்றார் யோகராணி.

அந்த நாட்களில் எடுத்த படங்கள் எல்லாம் விடுதி வாசலில் எடுத்தவை போலவே இருந்தன. இருவர் முகத்திலும் கடவுச்சீட்டுப் படத்தின் களை. அருந்தவனுக்குக் கவலை பிடித்துவிட்டது. விடுதிப் பெண்ணிடம் கேட்டு ஓர் இடத்தைத் தெரிந்துவந்தார். பெட்சபுரி என்ற ஊரில், மலைக்கு மேலே பழைய அரச மாளிகை ஒன்று இருக்கிறது. காவோ வாங் என்று பெயர். மாளிகை மலை என்று பொருள். வான் ஒன்று பிடித்துக் காலையிலேயே புறப்பட்டோம்.

மலையடிவாரத்தில் குரங்குகள் கூட்டமாக இருந்தன. இழுவை வண்டி ஒன்று சரிவில் மேலே கொண்டுபோய்விட்டது. அது ஒரு மலை என்றாலும் உச்சி மூன்று. ஒன்றில் மாளிகை. நடுவே உள்ளதில் வெள்ளை வெளேரென்ற பெரிய பௌத்தத் தூபி. மற்றதில் ஒரு கோயில். உச்சிகளுக்கிடையே செங்கல் பதித்த பாதை இறங்கி ஏறுகிறது. பாதை நெடுக ஈழத்தலரி மரங்கள், இலையில்லாத கிளைகளில் பூவோடு நின்றன.

ஊரில் தமிழர் காணிகளில் விகாரைகள் எழுவதைப் பார்த்துச் சலித்த யோகராணி, தூபியைக் கண்டதும் நின்றுவிட்டார். "கடவுளே, இஞ்சயும் விகாரையோ!"

"இது அவையின்ர நாடு அக்கா" என்றார் தர்சினி.

"அதுதானே. இஞ்ச எண்டால் இருக்கட்டும்."

மாளிகைக்குள் காலணிகளைக் கழற்றிவிட்டுப் போனோம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அருந்தவனுக்கு அதனால் அங்கே மனம் ஓடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்சினி ஒவ்வோர் அறையிலும் நின்று பார்த்தார். வெள்ளைச் சுவர்கள், ஐரோப்பியப் பாணியில் சன்னல்கள், சீனப் பாணியில் கூரை. கட்டில், கதிரைகள், பீங்கான்கள். வானத்தைப் பார்க்க ஒரு கோபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதைக் கட்டிய மன்னர், அரியணை ஏறும் முன் இருபத்தேழு வருடம் பிக்குவாக இருந்தவர். அதை நான் வாசித்துச் சொன்னேன்.

தர்சினி அந்தக் கட்டிலைப் பார்த்தபடி கேட்டார்: "அவர் காத்திருந்தவரோ அங்கிள், இல்லாட்டி மறந்திருந்தவரோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அருந்தவன் அதைக் கேட்டாரா என்பதும் தெரியாது. அவருடைய இடது பக்கத்தில்தான் தர்சினி நின்றிருந்தார்.

வெளியே வந்து மரநிழலில் இருந்த ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். அருந்தவன் காலையிலிருந்து தோளை விட்டு இறக்காமல் சுமந்துவந்த பையைத் திறந்தார். உள்ளே மூன்று சேலைகள், மடிப்புக் குலையாமல். பச்சை, சிவப்பு, ஊதா. கீழே மூன்று சேர்ட்டுகள்.

"இதென்ன?" என்று கேட்டார் தர்சினி.

"பச்சையை இஞ்ச கட்டும். அந்தத் தூபியடியில சிவப்பு. அங்கால கோயிலடியில ஊதா. நானும் சேர்ட் மாத்துவன்."

"ஏன்?"

"மூண்டு நாள் மாதிரி இருக்கும்."

தர்சினி தமக்கையைத் திரும்பிப் பார்த்தார். யோகராணி கையால் விசிறிக்கொண்டார். "என்னை ஏன் பாக்கிறாய்? தம்பி கேட்டவர், எடுத்து வைச்சனான். உனக்கு முதலே சொன்னா நீ வர மாட்டாய். எல்லாரும் செய்யிறதுதானே? எங்கட மச்சாளின்ர மகள் ஒரே நாளில அஞ்சு உடுப்பு மாத்தினவள். கடைசிப் படத்தில பிளவுஸைப் பிறத்தி, தையல் வெளியில தெரியப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். அதோடயே விசா வந்திட்டுது."

சிரிக்க வேண்டிய பேச்சு. ஒருவரும் சிரிக்கவில்லை.

"படத்தில திகதி பதிஞ்சிருக்கும், அருந்தவன்" என்றேன் நான். "நானும் மூண்டு திகதி எழுதித் தர மாட்டன்."

"நீங்கள் எழுத வேண்டாம் அங்கிள். படம் மட்டும் எடுத்துத் தாங்கோ. ஒரு நாள் வந்தவை, ஒரு படம் எடுத்தவை, போனவை எண்டு விசாக்காரர் நினைச்சுப் போடுவினம். ஆரும் நம்ப மாட்டினம்."

தர்சினி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. சந்தித்தபின் அவர் அருந்தவனுக்கு நேரே பேசியதில் நீளமான பேச்சு அதுதான். "ஒம்பது வருசம் உங்களோட கதைச்சனான். அது உண்மை. கண்ணால கண்டு மூண்டாம் நாள், வேசம் போடச் சொல்லுறீங்கள். எங்களுக்குள்ள காட்டுறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு நீங்களே நினைக்கிறீங்களோ?"

அருந்தவன் பச்சைச் சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் படத்துக்கு நிக்க மாட்டன். விசாப் பேப்பரிலயும் கையெழுத்து வைக்க மாட்டன். வெள்ளிக்கிழமை பிளேனில நானும் அக்காவும் போறம்."

சொல்லிவிட்டுத் தூபி இருந்த பக்கம் இறங்கிப் போனார். யோகராணி, "தம்பி, அவள் ஒருக்கா இல்லையெண்டால் இல்லைதான்" என்று சொல்லி வாய் மூடவில்லை, குரங்கு ஒன்று வாங்கின் பின்னாலிருந்து வந்து ஊதாச் சேலையின் தலைப்பைப் பிடித்து இழுத்தது. "அடி சனியனே! கூறைக்கெண்டு எடுத்தது!" என்று குடையைத் தூக்கிக்கொண்டு யோகராணி அதன் பின்னால் ஓடினார். நானும் அருந்தவனும் மட்டும் மிஞ்சினோம்.

அவர் மற்ற இரண்டு சேலைகளையும் பைக்குள் வைத்து மூடினார். எதிரே, நடு உச்சியில், தூபியின் வெள்ளைக்குக் கீழே, நீலச் சேலையில் ஒரு சிறிய உருவம் நின்றது. அவர் கையெழுத்து வைக்காமலே வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டால் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையென்றால் ஒன்பது வருடமும் இல்லை. இதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது.

நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல ஒலிபெருக்கியைப் போட்டார்.

"நான்தான்" என்றது தர்சினியின் குரல்.

"சாப்பிட்டனீரோ?" என்றார் அருந்தவன்.

ஒன்பது வருடமும் அவருடைய முதல் கேள்வி அதுதான். யோசிக்காமல் வந்துவிட்டது.

"காலமை உங்களுக்கு முன்னால இருந்துதானே சாப்பிட்டனான்."

"ஓம். ஓம் என்ன."

பிறகு தர்சினி சொன்னார்: "இஞ்ச இருந்து பாக்க நீங்கள் சின்னனாத் தெரியுறீங்கள். முகம் தெரியேல்லை. இப்பதான் எனக்குக் கதைக்க வருது. சொல்லுங்கோ, ஏன் இந்த வேலை?"

"நம்ப மாட்டினம் தர்சி."

"உண்மையைக் காட்டினா ஏன் நம்ப மாட்டினம்?"

"நான் உண்மையைச் சொல்லித் தோத்தனான்."

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். அகதி விசாவுக்கு அவரை விசாரித்தபோது, மாத்தளனை விட்டு எந்த மாதம் வெளியே வந்தாய், தகப்பனைப் புதைத்தது அதற்கு முன்னா பின்னா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஞாபகம் இல்லை என்றார். அது உண்மை. அந்த நாட்களில் நாள் என்று ஒன்று இருக்கவில்லை. ஞாபகம் இல்லை என்றதை அவர்கள் நம்பவில்லை. அவரோடு ஒரே படகில் வந்த இன்னொருவர், எல்லாவற்றுக்கும் மாதமும் திகதியும் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சொன்னார். அவருக்கு விசா கிடைத்தது.

"எனக்கு இல்லை எண்டு சொல்லிட்டினம்" என்றார் அருந்தவன்.

"எப்ப?"

"ரெண்டாயிரத்துப் பதினேழில."

பிறகு, மிக மெதுவாக: "அப்ப நீங்கள் பேப்பர் சுணங்குது, பிந்தி வரும் எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"சுணங்கேல்லையோ?"

"இல்லை. இல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டினம். பிறகு கோட்டுக்குப் போனது. ரெண்டு வருசம். எந்த நேரமும் திருப்பி அனுப்பியிருப்பினம். பிறகுதான் கோட்டில திரும்ப விசாரிக்கச் சொன்னது."

அந்த வழக்குக்கு அவரோடு நானும் நகரத்துக்குப் போயிருக்கிறேன். அவர்கள் பேசுவது முழுதும் என் காதில் விழுவதில்லை; தர்சினிக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

"அந்த ரெண்டு வருசத்தில அம்மா சாகக் கிடந்தவ" என்றார் தர்சினி. "பரந்தனில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மா ஆசைப்பட்டவ. நான் வேண்டாம் எண்டனான். அவற்ற பேப்பர் வருது அம்மா, சுணங்கினாலும் வருது எண்டு கட்டிலடியில இருந்து ஒவ்வொரு நாளும் சொன்னனான். அதை நம்பிக்கொண்டுதான் அவ போனவ."

அருந்தவன் தலை குனிந்தார்.

"நான் அம்மாக்குப் பொய் சொல்லியிருக்கிறன். எனக்கே தெரியாமல்."

"தர்சி..."

"பொறுங்கோ. நீங்கள் அப்ப சொல்லியிருந்தாலும் நான் உங்களை விட்டிருக்க மாட்டன். அது எனக்குத் தெரியும். ஆனா விடுறதோ விடாததோ எண்டு முடிவெடுக்க வேண்டியது நான். அதை நீங்கள் எடுத்துப்போட்டீங்கள்."

"சொன்னா நீர் போயிடுவீர் எண்டு பயந்திட்டன். நீரும் போனா எனக்கு அங்க ஆர் இருந்தது? அந்த அறையும் இந்தப் போனும்தான். அதைவிட எனக்கு நியாயம் ஒண்டும் இல்லை."

சீனச் சுற்றுலாப் பயணிகள் சிலர் எங்கள் முன்னால் நின்று மாளிகையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிர் உச்சியில் அந்த நீல உருவம் படியில் உட்கார்ந்தது.

"இன்னும் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார் தர்சினி. "இருந்தா இப்பவே சொல்லுங்கோ. கிட்ட வந்து முகத்தைப் பாத்தா நீங்கள் சொல்ல மாட்டீங்கள்."

அருந்தவன் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"ஒண்டு இருக்கு. எயர்போட்டில எனக்கு உம்மை ஆரெண்டு தெரியேல்லை. பக்கத்தில வந்த வேற ஒரு பொம்பிளையைப் பாத்துக் கையைக் காட்டினனான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"நானும் பாத்துக்கொண்டுதானே வந்தனான். அவ வடிவான பொம்பிளை. நீங்கள் விட்டது பிழை."

அருந்தவனின் வாய் சிரிப்புக்குப் போகப் பார்த்து, போகாமல் நின்றது.

"போனை வைச்சிட்டு இஞ்ச வாங்கோ" என்றார் தர்சினி. "வாங்கோ எண்டதால கோபம் போயிட்டுது எண்டு நினைக்க வேண்டாம். போகேல்லை. எப்ப போகுமோ தெரியாது. ஆனா இந்தக் கதையைப் போனில முடிக்க ஏலாது."

அருந்தவன் தொலைபேசியை வைத்தார். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பையை என்னிடம் விட்டுவிட்டுப் பாதையில் இறங்கினார். மரங்களுக்கிடையே கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு மறுபக்க ஏற்றத்தில் தெரிந்தார். நிற்காமல் ஏறினார். தூபியடிக்குப் போனதும் தர்சினிக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை அருந்தவன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். ஒரு தடவை தர்சினி எழுந்து தூபியைச் சுற்றிக்கொண்டு மறைந்து, மறுபக்கமாகத் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே இருந்தார். அதற்குள் யோகராணி கிழிந்த சேலையுடன் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, "என்ன, எங்க ரெண்டும்?" என்றார். கையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். யோகராணி பேசாமல் இருந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது இருவரும் திரும்பி வந்தார்கள். முன்னும் பின்னுமாக வந்தார்கள். தர்சினியின் கண்கள் வீங்கியிருந்தன. அருந்தவனின் சேர்ட் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அங்கிள், ஒரு படம் எடுங்கோ" என்றார் தர்சினி. "இப்பிடியே. சிரியுங்கோ எண்டு சொல்லாதேங்கோ."

மாளிகையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். இருவருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது. கிட்ட நிற்கும்படி நான் சொல்லவில்லை. யோகராணி சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். படம் எடுத்தேன். நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களில் அவர்கள் விடுதிக்கு எதிரே இருந்த கால்வாய்க் கரையில் காலையும் மாலையும் நடந்தார்கள். சில வேளை சத்தமாகவே சண்டை பிடித்தார்கள். ஒருமுறை தர்சினி பாதியில் திரும்பி வந்துவிட்டார். ஒருமுறை இருவரும் மாம்பழமும் சோறும் வாங்கிக்கொண்டு வந்து எங்களுக்கும் தந்தார்கள். வியாழக்கிழமை தர்சினி கையெழுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை அவரும் யோகராணியும் விமானம் ஏறினார்கள். பெட்டியை அருந்தவன்தான் தூக்கிக்கொண்டு போனார்.

விண்ணப்பத்துடன் இருவரும் தங்கள் உறவைப் பற்றித் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். எப்போது, எப்படி அறிமுகம், என்ன பேசுவீர்கள் என்று. தர்சினி கிளிநொச்சியிலிருந்து தமிழில் எழுதி அனுப்பினார். முகவரின் அலுவலகத்தில் அதன் மொழிபெயர்ப்பை வாசித்தபோது நானும் இருந்தேன். நடுவில் இப்படி இருந்தது: 2017இல் தன் விண்ணப்பம் மறுக்கப்பட்டதை இவர் எனக்குச் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் பொய் சொன்னார். சென்ற மார்கழியில் மலை மாளிகையில் வைத்துத்தான் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. போகாமலே அவரைக் கலியாணம் செய்ய நான் சம்மதிக்கிறேன்.

முகவர் பேனாவை அந்த வரிகளின் மேல் வைத்து, இது தேவையில்லை, எடுத்துவிடலாம், பாதகமாகவும் போகலாம் என்றார். அந்த மலையில் எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் இருவரும் சண்டை பிடித்தவர்கள் போல நிற்கிறார்கள், இதையும் வைத்தால் எப்படி என்று அருந்தவனையே கேட்டார்.

அருந்தவன் மொழிபெயர்ப்பை வாங்கி, விரலை வைத்து மெல்ல வாசித்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு வேகமாக வராது. வாசித்து முடித்துத் தாளைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"எடுக்க வேண்டாம்" என்றார். "அவ எழுதினபடியே போகட்டும்."

"அதிகாரிகள் உங்களை நம்பாமல் விடலாம்" என்றார் முகவர்.

"ஓம். விடலாம்."

அப்படியே போனது. இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.